கிடைத்தது என்ற சொல்லுக்கு இடம்

இன்று இருபத்தேழு.
அறுபது ஜிபியில் மீதி அறுநூறு எம்பி,
அதை வைத்து மாதக் கடைசிவரை ஓட்ட வேண்டும்.
பாயா தெருபோங், பதினேழாவது மாடி.
ரௌட்டர் இருப்பது அரிசி டின் மேல்,
ஏனென்றால் பிளக் அங்கேதான்.

மூன்று பெண்கள், ஒரு லைன்.
யார் எவ்வளவு தின்றார்கள் என்று
ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாள்.
யோகமலர்: கொரிய நாடகம், பதினொன்று.
தர்மினி: ஆபீஸ் வேலை, ஒன்பது.
நான்: முப்பத்தொன்பது.
என் பெயருக்கு நேரே யாரோ
ஓர் எலி வரைந்திருக்கிறார்கள்.
நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள்.

போன வாரம் தர்மினியின் கூட்டம் உறைந்தது.
திரையில் அவள் மேலாளர்
வாய் திறந்தபடி நாலு நிமிடம்,
கொட்டாவியா கோபமா தெரியவில்லை.
"உன் டோரண்ட்தான்" என்றாள்.
எதையும் இறக்கவில்லை என்று சத்தியம் செய்தேன்.
பொய்யில்லை. இறக்கவில்லை.
ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது.
உள்ளே வரும் துண்டுகளுக்கெல்லாம்
இங்கிருந்து ஒரு சின்னச் சொல் போக வேண்டும்,
கிடைத்தது என்று.
போகாவிட்டால் அனுப்பியவன் காத்திருப்பான்.
பிறகு அனுப்பியதையே
இன்னொரு முறை அனுப்புவான்,
முன்னைவிட மெதுவாக, சந்தேகத்தோடு.
நானோ வெளியே போகும் வாசல் முழுக்க
மூட்டைகளை அடுக்கியிருந்தேன்,
ஒரு தபால் அட்டை நுழைய வழியில்லாமல்.
அதைத் தாராள மனசு என்று
நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

ஏற்றத்துக்கு இப்போது வரம்பு: நொடிக்கு நாற்பது கேபி.
இருநூறு இணைப்புகள் முப்பதாயின.
பகலில் வாயே திறக்காது;
இரவு ஒன்றிலிருந்து ஆறு வரை மட்டும்.
பாதையில் ஒரு பங்கு சும்மா கிடக்கட்டும்,
அந்தச் சொல் நடந்து போக.
தர்மினியின் மேலாளர் இப்போதெல்லாம்
தடங்கலே இல்லாமல் திட்டுகிறார்.

(தம்பி ஈப்போவிலிருந்து
முந்நூறு வெள்ளி அனுப்பி மூன்று வாரம்.
கணக்கில் ஏறிவிட்டது.
வந்துச்சா என்று கேட்டான்.
நேற்று மறுபடி கேட்டான்.
காலையில் பதில் போடலாம்.)

மணி ஒன்று பத்து.
பட்டியலில் ஒரே கோப்பு,
பழைய முப்பத்திரண்டு பிட் கணினிகளுக்கான
இலவச இயங்குதளம்.
செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள்.
கொம்தாரில் நான் பழுதுபார்க்கும் கடைக்கு
மாதம் இரண்டு பேராவது
அப்படி ஒரு பெட்டியைத் தூக்கிவருவார்கள்,
எஸ்கேப் பொத்தான் விழுந்து,
மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி.
தூக்கிப் போட மனசில்லாத முகங்கள்.

முழுதாக வைத்திருப்பவர்: ஒருவர். அது நான்.
கேட்பவர்: ஒருவர்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
தொண்ணூற்று மூன்று விழுக்காட்டில் நிற்கிறார்,
எத்தனை நாளாகவோ.

மீதி நூற்றைம்பது எம்பி.
எங்களிடம் இருப்பதில் கால்வாசி.
கம்பெனிக்காரனுக்கு வாங்குவதும் கொடுப்பதும்
ஒரே மீட்டர்தான்.
தீர்ந்தால் ஆமை வேகம்,
தீர்ந்தால் யோகமலரின் கடைசி அத்தியாயம்
யார் யாரைக் கட்டினார்கள் என்று தெரியாமலே நிற்கும்.

விட்டேன்.
தொண்ணூற்று நாலு.
கீழே குப்பை லாரி வந்து போனது.
தொண்ணூற்றேழு.
லிஃப்ட் யாருக்காகவோ
நம் மாடியில் திறந்து மூடிக்கொண்டது.
இரண்டே காலுக்கு, நூறு.
முழுதாக வைத்திருப்பவர்: இருவர்.

நன்றி சொல்ல அந்த மென்பொருளில் வசதியில்லை.
ஆனால் ஒரு மணி நேரமாக அவர்
வேறெதுவும் சொல்லவில்லை என்பதை
நான் அறிவேன்:
கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது.

தம்பி தூங்கியிருப்பான்.
வந்துச்சுடா என்று அனுப்பினேன்.

பிறகு ஐஸ்பெட்டித் தாளில்
என் கணக்கில் நூற்றைம்பதைக் கூட்டினேன்.
எலிக்கு மீசை இல்லை.
அதையும் போட்டுவிட்டுப் படுத்தேன்.